லிட்டில் வால்ட்டரின் மெல்லிய மூச்சு

ப்ளூஸ் இசையில் மவுத் ஆர்கன் வாசித்தவர்களைப் பற்றி நாலு ரசிகர்கள் பேசத் தொடங்கினால், சற்று நேரத்தில் பேச்சு ஒரு சண்டையில் வந்து நிற்கும். மைக்கையும் மவுத் ஆர்கனையும் ஒன்றாகக் கைகளுக்குள் பொத்திப் பிடித்து, கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து முதன்முதலில் ஊதியவர் யார்? பலரும் லிட்டில் வால்ட்டர் என்பார்கள். கொஞ்சம் ஆழமாகப் படித்தவர்கள் ஸ்னூக்கி பிரையர் என்று திருத்துவார்கள். இந்த வழக்கு எழுபது வருடங்களாக நடக்கிறது. ஆனால் வால்ட்டரைப் புரிந்துகொள்ள இது சின்னக் கேள்வி என்பது என் எண்ணம். மின்சாரம் வந்த பிறகு அவர் ஊதிய விதம் எப்படி மாறியது என்று கேட்டால்தான் அவர் செய்த காரியத்தின் அளவு தெரியும். இன்னொரு கேள்வியும் உண்டு. 22 வயதில் அமெரிக்கக் கறுப்பின இசைச் சந்தையின் உச்சியில் இருந்தவர் 37 வயதில் ஏன் சரிந்து போய்ச் சேர்ந்தார் என்பது. அதற்குச் சொல்லப்படும் விடைகளில் பாதி சோம்பேறித்தனமானவை.

மேரியன் வால்ட்டர் ஜேக்கப்ஸ் என்பது முழுப்பெயர். லூசியானா மாநிலத்து மார்க்ஸ்வில்லில் பிறந்தார். பிறந்த நாள் மே 1 என்பதில் குழப்பமில்லை, வருடத்தில்தான் சிக்கல். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1940இல் சமூகப் பாதுகாப்பு அட்டைக்கு விண்ணப்பித்தபோது 1923 என்று பதிவாகியிருக்கிறது. வேறு தாள்களில் 1925, 1928. பிற்காலத்தில் 1930 என்பதையே மாறாமல் சொன்னார். நூல்களும் அதையே ஏற்கின்றன. கிளப்பில் வாசிக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அதற்கு வயது வந்திருக்க வேண்டும். ஆகவே பையன் வயதைக் கூட்டிப் போட்டிருப்பான். பெரிய ரகசியம் எதுவும் இதில் இல்லை. பிழைப்புக்காக வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு சிறுவனின் கணக்கு, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதுவாக்கில் கிளம்பிவிட்டார். நியூ ஆர்லியன்ஸ், மெம்பிஸ், ஆர்கன்சாவின் ஹெலினா, செயின்ட் லூயிஸ் என்று ஊர் ஊராகச் சுற்றினார். இந்தப் பட்டியலில் ஹெலினா முக்கியமானது. அங்கே கேஎஃப்எஃப்ஏ வானொலி நிலையம் 1941இல் 'கிங் பிஸ்கட் டைம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது. கிங் பிஸ்கட் என்பது ஒரு மாவின் பெயர். அதன் விளம்பரத்துக்காக நண்பகலில் ப்ளூஸ் ஒலிபரப்பானது. வாசித்தவர் ரைஸ் மில்லர். அவர் தம்மை 'சன்னி பாய் வில்லியம்சன்' என்று அழைத்துக்கொண்டார். அதே பெயரில், சிகாகோவில், அவருக்கு முன்பே புகழ் பெற்ற இன்னொருவர் இருந்தார்: ஜான் லீ வில்லியம்சன். பெயரைத் திருடியவரும் மகா கலைஞர் என்பதால் வரலாறு இரண்டு சன்னி பாய்களையும் எண் போட்டு வைத்துக்கொண்டது. வால்ட்டர் இருவரிடமும் கற்றார். மில்லரிடம் ஹெலினாவில் நேராக. ஜான் லீயிடம் இசைத்தட்டுகள் வழியாகவும், பிறகு சிகாகோவிலும்.

அந்த நாளில் இந்தக் கருவிக்கு என்ன மதிப்பு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் ஹோனர் கம்பெனி 1896 முதல் தயாரித்த 'மரீன் பேண்ட்' மாடல்தான் ப்ளூஸ்காரர்களின் கருவி. பத்து ஓட்டை, இருபது உலோக நாக்கு (ரீட்), சட்டைப் பையில் அடங்கும், விலை மலிவு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இதை இசைக்கருவியாகவே எண்ணவில்லை; விளையாட்டுச் சாமான் என்று வைத்திருந்தது. 1942இல் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தபோது மவுத் ஆர்கன்காரர்களை அது கட்டுப்படுத்தாமல் போனதற்கு இதுவே காரணம். இழிவாக நினைத்ததால் கிடைத்த விடுதலை.

கருவியின் உள்ளமைப்பு தெரிந்தால் மற்றது எளிது. 'சி' சுருதி மவுத் ஆர்கனை ஊதினால் சி மேஜர் கூட்டொலி வரும். ஜெர்மானிய நாட்டுப்பாடல்களுக்காகச் செய்தது. நம் கணக்கில் அது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். தெற்கத்திய கறுப்பின வாத்தியக்காரர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்தார்கள். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினார்கள். உறிஞ்சும்போது இரண்டாம் ஓட்டையில் கிடைக்கும் ஜி-யை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மூன்று, நான்கு, ஐந்தாம் ஓட்டைகளில் அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் வரிசையாக வந்துவிடும். சங்கராபரணத்தின் பஞ்சமத்தைக் கிரகபேதம் செய்தால் ஹரிகாம்போஜி. அதே காரியத்தை இவர்கள் பெயர் தெரியாமல் செய்தார்கள். 'கிராஸ் ஹார்ப்' என்பது அவர்கள் வைத்த பெயர்.

அடுத்த வித்தை வளைப்பு. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஊதும் நாக்கும் உறிஞ்சும் நாக்கும் ஒரே அறையில் இருக்கின்றன. வாய்க்குள் நாவின் நிலையையும் தொண்டையையும் மாற்றினால் உறிஞ்சும் நாக்கின் சுருதி இறங்கும், மற்ற நாக்கும் சேர்ந்து பேசத் தொடங்கும். இரண்டு நாக்குகளுக்கும் சுருதி இடைவெளி அதிகமாக இருந்தால் அதிகம் வளைக்கலாம். மூன்றாம் ஓட்டையில் மூன்று அரைப்படி வரை இறங்கலாம். ஐந்தாம் ஓட்டையில் ஓர் அரைப்படிகூட முழுதாகக் கிடைக்காது. அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத இடத்தில் ப்ளூஸின் உயிர் இருக்கிறது. கமகத்தில் வளர்ந்த காதுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாலாம் ஓட்டையை வளைத்தால் பிரதி மத்திமமும் கிடைக்கும். சங்கராபரணத்துக்குச் செய்த டப்பாவில் இத்தனையும் ஒளிந்திருந்தன.

வால்ட்டர் 1940களின் நடுவில் சிகாகோ வந்தார். மேக்ஸ்வெல் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அப்போது ப்ளூஸ்காரர்களின் திறந்தவெளி மேடை. துணிக்கடை, செருப்புக்கடை, பழைய சாமான் கடை, தின்பண்டக் கடை எல்லாவற்றின் இரைச்சலுக்கும் நடுவே வாசித்துக் காசு பொறுக்க வேண்டும். வாத்தியக்காரர்கள் பக்கத்துக் கடைக்கோ வீட்டுக்கோ ஏதாவது கொடுத்து மின்கம்பி இழுத்துக்கொண்டார்கள். மின்சார கிட்டார் வந்தபின் வெறும் மவுத் ஆர்கன் அங்கே யார் காதிலும் விழாது. ஆகவே மைக்கை ஆம்ப்ளிஃபயரில் மாட்டுவதற்கு மேதை தேவையில்லை, பசி போதும். அதே தெருவில் பெர்னார்ட் ஆப்ரம்ஸ் என்பவர் வானொலிப்பெட்டிக் கடை வைத்திருந்தார். ஓரா நெல் என்று ஒரு சிறு இசைத்தட்டு நிறுவனமும் நடத்தினார். 1947இல் வால்ட்டரின் முதல் பதிவு அங்கேதான். அதில் மின்சாரம் இல்லை. ஜான் லீயின் பாணியை நன்றாகப் படித்த, வேகமான ஒரு பையனின் வாசிப்பு கேட்கிறது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

இப்போது அந்த வழக்குக்கு வரலாம். ஸ்னூக்கி பிரையர் சொன்னது இது: ராணுவத்தில் ஒலிபெருக்கி வழியாக பியூகிள் ஊதிய பழக்கம், 1945இல் வெளியே வந்ததும் ஒரு ஒலிபெருக்கி வாங்கி மேக்ஸ்வெல் தெருவில் மவுத் ஆர்கனை அதில் ஊதினார். நம்பாமலிருக்கக் காரணமில்லை. அவருடைய 1948 பதிவு ஒன்றின் தொடக்கச் சொற்கட்டு, பின்னால் வந்த வால்ட்டரின் புகழ்பெற்ற 'ஜூக்' மெட்டின் தொடக்கத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதையும் காது உள்ளவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே முதலில் மாட்டியவர் வால்ட்டர் என்று சாதிக்க முடியாது, சாதிக்க வேண்டிய தேவையும் இல்லை. சத்தத்தைக் கூட்டுவதற்காக மாட்டியவர்கள் பலர். மாட்டியபின் சத்தமாக ஊதுவதை நிறுத்தியவர் வால்ட்டர்.

மைக் இல்லாத காலத்து வாசிப்பில் மூச்சு முழுவதும் காதுக்கு எட்டவைப்பதிலேயே செலவானது. பலமாக ஊதினால் நாக்கின் சுருதி இறங்கும், ஒலி திணறும், நாக்கும் சீக்கிரம் கெடும். வாசகங்கள் துண்டு துண்டாக வரும். வால்ட்டர் மைக்கைக் கருவியோடு காற்றுப் புகாமல் இரு கைகளாலும் பொத்தினார். அந்தச் சின்னக் குகைக்குள் ஒலியழுத்தம் தானே கூடியது; கூர்மையான மேல்ஒலிகள் அடங்கின; வால்வு ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டித் தள்ளப்பட்டு ஒலியைச் சற்றே நொறுக்கித் தடிக்கவைத்தது. கை கொஞ்சம் திறந்தால் ஒரு நிறம், மூடினால் இன்னொரு நிறம். இத்தனைக்கும் தேவைப்பட்டது இலேசான மூச்சுதான். மூச்சு மிச்சமானதால் வாக்கியங்கள் நீண்டன. லூயி ஜோர்டானின் சாக்ஸபோன் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனதில் வைத்திருந்த துள்ளலான நீண்ட வரிகளை இப்போது இந்தச் சின்னக் கருவியில் போட முடிந்தது. பலம் குறைந்த இடத்தில் பருமன் கூடியது. கேட்பவர் நினைப்பதற்கு நேர் எதிராக அவர் உடம்பு வேலை செய்தது. இன்றைக்கும் அவரைப் போலி செய்கிறவர்கள் முகம் சிவக்க ஊதித் தோற்பது இதனால்தான்.

பாடகரும் கிட்டார்காரருமான மடி வாட்டர்ஸின் குழுவில் வால்ட்டர் சேர்ந்தது 1948 வாக்கில். மடி, ஜிம்மி ராஜர்ஸ், வால்ட்டர் மூவரும் இரவில் கிளப் கிளப்பாகப் போய் அங்கே வாசித்துக்கொண்டிருக்கும் குழுவோடு போட்டி போட்டு மேடையைப் பறிப்பார்கள். 'தலை வேட்டைக்காரர்கள்' என்று பெயர் வாங்கினார்கள். ஆனால் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய லியனார்ட் செஸ் முதலில் இந்தக் குழுவை ஒலிப்பதிவுக்குள் விடவில்லை. மடியின் கிட்டாரும் ஒரு பாஸும் விற்கின்றன, எதற்குக் கூட்டம் என்பது வியாபாரியின் நியாயம். 1950இல்தான் வால்ட்டரின் மவுத் ஆர்கன் மடியின் செஸ் தட்டுகளில் கேட்கத் தொடங்கியது. 1951 ஜூலையில் பதிவான 'கன்ட்ரி பாய்' பாட்டில் அது மின்சாரத்தோடு வந்தது.

1952 மே 12. மடியின் பதிவு நாள். குழு மேடையில் நிகழ்ச்சியைத் தொடங்கவும் முடிக்கவும் வாசிக்கும் ஒரு மெட்டு இருந்தது. அதை வால்ட்டர் பெயரில் எடுத்துவைத்தார்கள். செஸ்ஸின் துணை நிறுவனமான செக்கர் 'ஜூக்' என்று வெளியிட்டது. பாட்டு கிடையாது, வெறும் மவுத் ஆர்கன். பில்போர்டின் ஆர் அண்ட் பி பட்டியலில் எட்டு வாரம் முதலிடம். அந்தப் பட்டியலில் முதலிடத்தைத் தொட்ட ஒரே மவுத் ஆர்கன் கருவியிசை அதுதான். மடி வாட்டர்ஸின் எந்தத் தட்டும் அந்த இடத்தை எட்டியதில்லை. பக்கவாத்தியக்காரன் தலைவரைத் தாண்டிவிட்டான்.

இந்த இடத்தில் ஒரு பக்கக் குறிப்பு. செஸ் சகோதரர்கள் அந்த வருடங்களில் பயன்படுத்தியது பில் புட்னமின் யுனிவர்சல் ஒலிப்பதிவுக்கூடம். 1947இல் ஹார்மோனிகாட்ஸ் என்ற வெள்ளைக்கார மூவர் குழுவின் 'பெக் ஓ மை ஹார்ட்' தட்டைப் பதிவு செய்தவரும் புட்னம்தான். குளியலறையை எதிரொலி அறையாக்கி அந்தப் பதிவுக்கு ஆழம் சேர்த்தார். அது பொதுச் சந்தையில் முதலிடம் பிடித்தது. அதன் பிறகுதான் சங்கமும் மவுத் ஆர்கனை வாத்தியம் என்று ஒப்புக்கொண்டது. நிறச்சுவரின் இரு பக்கமும் இருந்த இரண்டு மவுத் ஆர்கன் வெற்றிகளும் ஒரே பொறியாளரின் எதிரொலிப் பரிசோதனைகளுக்கு அருகில் நடந்தவை. ப்ளூஸ் நூல்கள் மிசிசிப்பி மண்ணைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை. வால்ட்டரின் ஒலியில் பாதி நகரத்து மின்பொறியியல்.

மடியின் குழு தெற்கே சுற்றுப்பயணத்தில் இருந்தபோது ஜூக்பாக்ஸ்களில் தன் மெட்டு ஒலிப்பதை வால்ட்டர் கேட்டார். குழுவை விட்டுவிட்டு சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஜூனியர் வெல்ஸ் என்ற பதினேழு வயதுக்காரர் 'ஏசஸ்' என்ற குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். வெல்ஸ் மடியிடம் போனார், ஏசஸ் வால்ட்டரிடம் வந்தது. இந்த இடமாற்றத்தில் லாபம் வால்ட்டருக்கே. லூயி மையர்ஸ், டேவ் மையர்ஸ் சகோதரர்களின் கிட்டார்கள். முறையாக ஜாஸ் தாளம் படித்த ஃப்ரெட் பிலோ. மடியின் குழு கனமாக நடக்கும். இது மிதந்து ஓடும். நீண்ட மூச்சுக்கு இந்தத் தாளம்தான் தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், மேடையில் பிரிந்த பிறகும் மடியின் பதிவுகளுக்கு வால்ட்டரையே லியனார்ட் செஸ் கூப்பிட்டார். 1954இன் 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டில் ஊதுவதும் அவர்தான்.

1952 முதல் 1958 வரை முதல் பத்துக்குள் வந்த தட்டுகள் பதினான்கு. 'சேட் அவர்ஸ்', 'மீன் ஓல்ட் வேர்ல்ட்', 'ப்ளூஸ் வித் எ ஃபீலிங்' என்று வரிசையாக. பாட்டுக் குரலையும் குறைத்து மதிப்பிடக் கூடாது; அலட்டாத, பேச்சுக்கு அருகான குரல். 'லைட்ஸ் அவுட்' என்ற கருவியிசையில் அரைப்படிகள் எல்லாம் கொண்ட குரோமாடிக் மவுத் ஆர்கனை எடுத்து 'மூன்றாம் நிலை'யில் வாசித்தார். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஆதாரமாக்குவது. நம் கணக்கில் கரகரப்பிரியா. இருட்டான, அகலமான ஒலி. பின்வந்தவர்களுக்கு அது தனிப் பாடமாகவே ஆகிவிட்டது. எனக்கு 'ஜூக்'கைவிட இது பெரிய சாதனை. ஜூக் ஒரு திறமைசாலிக்குத் தற்செயலாகவும் அமையலாம். இது யோசித்துச் செய்தது.

இரண்டாவது முதலிடம் 1955இல் வந்த 'மை பேப்'. வில்லி டிக்ஸன் ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டை எடுத்துக் காதல் பாட்டாக்கினார். வால்ட்டர் அதைப் பாட இசைய வெகுநாள் ஆயிற்று என்று டிக்ஸன் சொல்லியிருக்கிறார். ஐந்து வாரம் முதலிடம். அதே வருடம் அதே செஸ் கூரையின்கீழ் சக் பெரியும் போ டிட்லியும் வந்து சேர்ந்தார்கள். கம்பெனியின் கண் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. 1958இல் 'கீ டு த ஹைவே' பத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகு பத்துக்குள் எதுவும் இல்லை.

சரிவுக்கு மூன்று விளக்கங்கள் உலவுகின்றன. ராக் அண்ட் ரோல் கொன்றது என்பது முதலாவது. பாதி உண்மை. ஆனால் 1960களில் வெள்ளைக்கார இளைஞர்கள் ப்ளூஸைத் தேடி வந்தபோது ஜூனியர் வெல்ஸ் 1965இல் 'ஹூடூ மேன் ப்ளூஸ்' என்ற முழுநீளத் தட்டைப் போட்டு மறுவாழ்வு பெற்றார். ஜேம்ஸ் காட்டனும் அப்படியே. ரைஸ் மில்லர் அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்து போய்க் கொண்டாடப்பட்டார். வால்ட்டர் பாணியில் ஊதிய பால் பட்டர்ஃபீல்டின் குழுவுக்குக்கூட அந்தச் சந்தை திறந்தது. வால்ட்டரும் 1964, 1967 இரண்டு முறை ஐரோப்பா போனார். எனவே சந்தை இல்லாமல் போகவில்லை.

கம்பெனி சுரண்டியது என்பது இரண்டாவது. செஸ் சகோதரர்கள் பங்குதாரர்களாக இருந்த ஆர்க் மியூசிக் நிறுவனத்தின் மீது உரிமைத்தொகைக்காக மடியும் டிக்ஸனும் 1970களில் வழக்குப் போட்டார்கள் என்பதிலிருந்து நிலைமையை ஊகிக்கலாம். வழக்குப் போட வால்ட்டர் உயிரோடு இல்லை. ஆனாலும் அதே கம்பெனியின்கீழ் மடி தாக்குப்பிடித்தார்.

மூன்றாவது குடி, கோபம். இதைச் சொல்பவர்கள் அறநூல் தொனியில் சொல்கிறார்கள். அந்தத் தொனி எனக்குப் பிடிக்காது. ஆனால் விஷயம் உண்மை. குடித்தார், சண்டை போட்டார், காலில் துப்பாக்கிக் குண்டு வாங்கினார். இதில் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. கிட்டார்காரரின் உடம்பு தளர்ந்தாலும் ஒலியை ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம் காப்பாற்றும். வால்ட்டரின் கலையோ உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு இவற்றின் நுட்பமான கட்டுப்பாட்டில் நின்றது. பலத்தால் ஊதுபவர் பலம் குறைந்தால் பழைய தந்திரங்களில் ஒதுங்கிக்கொள்ளலாம். மெல்லிய மூச்சுக்குப் பின்னணியில் ஒதுங்க இடமில்லை. 1967இல் மடி, போ டிட்லியுடன் சேர்ந்து பதிவான 'சூப்பர் ப்ளூஸ்' தட்டைக் கேட்டால் தெரியும். யோசனை இருக்கிறது, மூச்சு வரவில்லை. அந்த வருட ஐரோப்பியப் பயணத்தில் எடுத்த படச்சுருளில் மற்றவர்களுக்குப் பக்கவாத்தியமாக நின்று ஊதுகிறார்.

1968 பிப்ரவரியில் சிகாகோவில் ஒரு நிகழ்ச்சியின் இடைவேளையில் கைகலப்பு. இரவு தோழியின் வீட்டில் தூங்கப் போனவர் 15ஆம் தேதி காலை இறந்திருந்தார். சான்றிதழில் இதயத் தமனி ரத்த உறைவு என்று எழுதினார்கள். எவர்கிரீன் பார்க்கில் செயின்ட் மேரீஸ் கல்லறையில் புதைத்தார்கள். 1991இல் ரசிகர்கள் வைக்கும்வரை பெயர்க்கல் இல்லை. முழு வாழ்க்கை வரலாறு 2002இல்தான் நூலாக வந்தது. ஆனால் அவர் விட்டுப்போன தடம் கடைகளிலும் தெரிகிறது. 1949இல் ஷூர் கம்பெனி வெளியிட்ட '520' மைக், பச்சை நிறத்தாலும் தோட்டா வடிவத்தாலும் பெயர் பெற்றது. அதன் இன்றைய வடிவம் மவுத் ஆர்கன் வாசிப்பவர்களுக்கென்றே விற்கப்படுகிறது. அறிவிப்பு செய்யச் செய்த பொருள் இப்போது வாத்தியத்தின் ஒரு பாகம். இது வால்ட்டர் வழி வந்த சந்தை.

2008இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. மவுத் ஆர்கன் வாசிப்புக்காக அங்கே நுழைந்தவர் அவர் ஒருவரே. சேர்த்த பிரிவு: பக்கவாத்தியக்காரர்கள். சொந்தப் பெயரில் இரண்டு முறை முதலிடம், முதல் பத்துக்குள் பதினான்கு தட்டு, தலைவரைவிட அதிகம் விற்றவர். மடியின் குழுவில் அவர் முழுநேரம் இருந்தது நாலு வருடம்தான். தன் குழுவை நடத்தியது அதைவிட நீண்ட காலம். அவரைத் தலைவராகச் சேர்க்க அந்த மண்டபத்தில் இடம் இல்லாமலில்லை. சட்டைப் பையில் அடங்கும் கருவிக்காரன் முன்னால் நிற்பவனாக இருக்க முடியும் என்று 1942இன் சங்கத்துக்குத் தோன்றாதது போலவே இவர்களுக்கும் தோன்றவில்லை.